குனியாமல் திறக்கும் கதவு

எங்கள் வீட்டைக் கடை என்று நினைத்து இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். போன வாரம் ஒருவர் ஆதார் அட்டையை நீட்டி, இரண்டு காப்பி எடுக்க வேண்டும் என்றார். இங்கே ஜெராக்ஸ் இல்லை, இது வீடு என்றேன். அவர் ஷட்டரை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார், பிறகு என்னையும் பார்த்தார். "வூட்டுக்கு எதுக்குங்க ஷட்டரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நின்றிருந்தால் சொல்லியிருப்பேன். நிற்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ஷட்டர் போட வேண்டும் என்றவள் என் மனைவி கோகிலவாணி. தொடக்கப் பள்ளி ஆசிரியை. அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. கல்லீரலில் வந்த நோய், சில மாதங்களுக்கு மேல் இடம் கொடுக்கவில்லை. நோயைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை. ஷட்டரைப் பற்றி எழுத இருக்கிறது. அவள் ஒரு காரியத்தை எப்படி யோசிப்பாள் என்பதை ஆரம்பம் முதல் கடைசி வரை பக்கத்திலிருந்து பார்த்தது அந்த விஷயத்தில்தான்.

அவள் பிறந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து உள்ளே போகும் ஒரு ஊரில். குழந்தையிலேயே போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. சாமையும் கேழ்வரகும் போடுகிற அவள் அப்பா கண்ணுசாமி, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவார். இதைக் கேட்கிற எல்லோரும் அவரைப் புகழ்வார்கள். அவளும் அவர்மேல் உயிராக இருந்தாள். ஆனால் என்னிடம் ஒருமுறை சொன்னாள்: "அப்பாவுக்குக் காய்ச்சல்னா எனக்கு லீவு. சந்தைக்குப் போனார்னா லீவு. என் படிப்பு பூராவும் அவர் தோள்ல ஒக்காந்திருந்திச்சு. கீழ எறக்கி வெக்கவே எனக்கு ரொம்ப நாளாச்சு."

கல்யாணம் ஆகி கள்ளக்குறிச்சிக்கு வந்தபோது காலில் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கி மாட்டி, ஒரு கைத்தடியோடு நடந்தாள். பிறகு இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கினோம். வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டால் அவளைப் பிடிக்க முடியாது. ஏறி உட்காருகிற வரைக்கும்தான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்துக்குப் பெயர் கேட். வண்டி நிறுத்துவதற்கு வீட்டின் முன்பக்கம் ஷெட் மாதிரி ஓர் அறை விட்டு, அதற்கு இரட்டைக் கதவு இரும்பு கேட் வைத்திருந்தோம். தெரு குறுகல். கேட் வெளிப்பக்கம் திறந்தால் சாக்கடை மூடியில் இடிக்கும். உட்பக்கம் திறந்தால் வண்டியில் இடிக்கும். ஆகவே வண்டியைப் பின்னால் தள்ளி, தடியை ஊன்றிப் போய்த் தாழ்ப்பாளை எடுத்து, ஒரு கதவை இழுத்துக் கொக்கி போட்டு, மற்றதையும் இழுத்துக் கொக்கி போட்டு, திரும்பி வந்து வண்டியில் ஏறி, வெளியே போய், மறுபடி இறங்கி வந்து சாத்த வேண்டும். கீழ்த் தாழ்ப்பாள் தரையில் இருக்கும். காலிப்பர் போட்டவர்கள் குனிந்து நிமிர்வது லேசான காரியம் இல்லை. அதனால் நானோ என் அம்மா பாவாயியோதான் திறப்போம். பள்ளிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருந்த வரைக்கும் இது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளிகள் திறந்த அடுத்த வருடம், அவளுக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. வடக்கனந்தல் தாண்டி, மலையடிவாரத்துப் பள்ளி. எனக்கு வேலை மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில், கரும்புச் சாறு பரிசோதிக்கிற லேபில். நான் போவது ஒரு திசை, அவள் போவது வேறு திசை. என் ஷிப்டு மாறிக்கொண்டே இருக்கும். காலை ஷிப்டு என்றால் அவள் எழுந்திருக்கும்போதே நான் பஸ் ஏறியிருப்பேன். அப்போது கேட் திறப்பது அம்மாவின் வேலை. அம்மாவுக்கோ இடுப்பு வலி. ஆடி மாதம் ஒரு நாள், கொக்கி சரியாக மாட்டாத கதவு காற்றில் அடித்து, வெளியே வந்துகொண்டிருந்த வண்டியின் பக்கச் சக்கரத்தில் இடித்தது. கோகிலா வண்டியோடு சாய்ந்தாள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

"பெரிய டீச்சரு வேலயும் வேணாம், ஒண்ணும் வேணாம். எழுதிக் குடுத்துட்டு பழைய பள்ளிக்கூடத்துக்கே வந்துடு. கௌரவம் பாத்துக்கினு கைகால ஒடச்சிக்கப் போறியா?"

நானும் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் அம்மா பக்கம் என்றுதான் அர்த்தம். எனக்குப் பயமாக இருந்தது.

கோகிலா முழங்கையில் மருந்து தடவிக்கொண்டே சொன்னாள்: "கேட்டுதானே அத்தை வந்து இடிச்சிச்சு? நானா விழுந்தேன்? கேட்டை மாத்துவோம். விஜயதசமிக்கு நம்ம பள்ளியில அட்மிஷன் இருக்கு. அன்னிக்கி நான் தனியாப் போயிட்டுத் தனியா வரேன். நீங்க ரெண்டு பேரும் உள்ளயே இருக்கணும், ஒரு கை வெக்கக் கூடாது. எவ்ளோ முயற்சி பண்ணியும் முடியலன்னா நானே எழுதிக் குடுத்துட்றேன். நீங்க சொல்லவே வேணாம்."

"அப்பறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன். நீங்களும் மாறக் கூடாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை என்னைக் கடைத்தெருவுக்குக் கூட்டிப்போனாள். எதுவும் வாங்க இல்லை. கடை திறக்கிற நேரத்துக்குப் போய், டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்தாள். அதுவரை நானும் ஆயிரம் முறை அந்தத் தெருவில் போயிருக்கிறேன். ஷட்டர் தூக்குவதை நின்று பார்த்ததில்லை.

மருந்துக் கடைக்காரர் வந்தார். ஷட்டரின் அடிப்பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, உட்கார்ந்து பூட்டைத் திறந்து, ஒரே தூக்கு. கடகடவென்று முக்கால்வாசி போனது, மிச்சத்தைக் கொக்கிக் கம்பியால் தள்ளினார். பக்கத்து அரிசி மண்டியில் ஸ்பிரிங் தொய்ந்துபோயிருந்தது. இரண்டு ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். பாத்திரக் கடையின் அகல ஷட்டருக்குப் பக்கச் சுவரில் சங்கிலி. ஒருவர் கிணற்றில் தண்ணீர் சேந்துவதைப் போல அதை இழுக்க இழுக்க, ஷட்டர் அவசரம் இல்லாமல் ஏறியது. புதிதாகத் திறந்திருந்த செல்போன் கடைப் பையன் மட்டும் பைக்கில் உட்கார்ந்தபடியே பொத்தானை அழுத்தினான்.

"எல்லாரும் குனியறாங்க பாருங்க" என்றாள் கோகிலா. "பூட்டு பூராவும் தரையில இருக்கு. ஸ்பிரிங் ஷட்டர்னா குனிஞ்சுதான் ஆகணும். அது எனக்கு ஆகாது. சங்கிலி நின்னுக்கினே இழுக்கலாம். பொத்தான் ஒக்காந்துக்கினே அழுத்தலாம். ஆனா கரண்ட் போச்சுன்னா?"

"அந்தப் பையனக் கேக்கலாம்" என்றேன்.

"அவனுக்குத் தெரியாது. வெச்சுக் குடுத்தவன் யாருன்னு கேளுங்க."

வைத்துக் கொடுத்தவர் டேவிட். சங்கராபுரம் ரோட்டில் பட்டறை. கனத்த ஆள், வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவார். வீட்டுக்கு ஷட்டர் என்றதும் முதலில் சிரித்தார்.

"டீச்சரு, வூட்டுக்கெல்லாம் யாரும் போட்றதில்ல. மெட்ராஸ்ல பெரிய பங்களாவுல போடுவாங்க. இங்க போட்டீங்கன்னா காலயில பால் பாக்கெட் கேட்டு வந்து நிப்பாங்க."

"வந்தா குடுத்துட்டுப் போறேன். பட்டை எவ்ளோ கனம்?"

அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு பேருக்கும் ஒத்துப்போய்விட்டது. ஷட்டர் என்பது ஒன்றோடொன்று கோத்த தகரப் பட்டைகள். அவை இரண்டு பக்கமும் கைடு என்கிற இரும்புக் காடிக்குள் ஓடும். மேலே ஒரு குழாயில் பாய் சுருட்டுவதைப் போலச் சுருண்டுகொள்ளும். சுவர்ப் பக்கம் திறக்காது, தெருப் பக்கமும் திறக்காது, தன் மேலேயே சுருண்டு போய்விடும். எங்கள் குறுகல் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான கதவு கிடையாது. குழாயின் ஓரத்தில் மோட்டார், அதை ஓட்டக் கையில் ஒரு ரிமோட். மோட்டாரோடு சேர்ந்து கைச்சங்கிலியும் வரும். கரண்ட் இல்லாவிட்டால் ஒரு நெம்புகோலை இழுத்துவிட்டு, சங்கிலியில் தூக்கிக்கொள்ளலாம்.

"சங்கிலி உள்பக்கம்தானே? நான் வெளிய மாட்டிக்கினேன்னா?"

"வாசப்படி ஏறி வூட்டுக்குள்ள பூந்து, ஷெட்டுக்கு வரணும் டீச்சரு. வேற வழி கெடயாது. தெருவுல சங்கிலி தொங்க வுட்டா திருடனுக்கு வெத்தல பாக்கு வெச்ச மாதிரி."

"வாசப்படி மூணு. ஏறிடுவேன். நேரமாகும், ஆனா யாரும் வேணாம். சரி, சங்கிலி எந்தச் சுவர்ல?"

அவர் வலப்பக்கம் என்றார். அவள் இடப்பக்கம் என்றாள். வலக்கையில் தடி, அதை விட்டுவிட்டு வலக்கையால்தான் இழுக்க வேண்டும், அப்போது இடக்கையால் பிடித்துக்கொள்ளச் சுவரில் ஒரு கம்பி வேண்டும். இதையெல்லாம் அவள் அவருடைய பட்டறைத் தரையில் தடி நுனியால் கோடு போட்டுக் காட்டினாள். டேவிட் அந்தக் கோடுகளைக் குனிந்து பார்த்தார்.

"ஷட்டருக்குக் கைப்பிடி வெப்பேன், பூட்டு வெப்பேன். ஆளுக்குக் கைப்பிடி வெக்கறது இதான் மொதல் தடவ" என்றார்.

என் அம்மாவுக்கு வேறு கவலை. "தலமேல வுழுந்துச்சுன்னா? பூன படுத்துக்கினு இருக்கும், நானே வாசல்ல நின்னுக்கினு இருப்பேன். இவ பாட்டுக்கு அழுத்திட்டுப் போயிடுவா."

அதற்காகத்தான் சென்சார் வந்தது. டேவிட் வேண்டாம் என்றார், வீடுகளுக்கு யாரும் கேட்பதில்லை என்றார். அத்தை நிம்மதியாக இருக்க வேண்டும், அதையும் வையுங்கள் என்றாள் கோகிலா. கைடு இரண்டிலும் கணுக்கால் உயரத்தில் தீப்பெட்டி அளவு ஒரு பெட்டி, அதில் கருப்புக் கண்ணாடி. ஒன்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் கிளம்பி மற்றதில் போய் விழும். நடுவில் எது இருந்தாலும் ஷட்டர் கொஞ்சம் இறங்கியதுமே நின்று திரும்பி ஏறிவிடும், பாதி இறங்கிய பிறகு குறுக்கே வந்தாலும் அப்படித்தான்.

அம்மா நம்பவில்லை. சோதிக்க வேண்டும் என்றாள். டேவிட் தன் டூல்ஸ் பெட்டியை வைக்கப் போனார். "இரும்ப வெச்சா அது பயந்துக்கும். இத வையி" என்று உள்ளேயிருந்து ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்தாள். ஷட்டர் இறங்கியது, பூசணிக்காயைத் தொடாமலே நின்றது, மேலே போனது. அம்மா இன்னொரு முறை செய்யச் சொன்னாள். பிறகு பூசணிக்காயை எடுத்துக்கொண்டே, "மரியாத தெரிஞ்ச மிஷினு" என்றாள். அன்றைக்கே அதில் பாதி கூட்டாகிவிட்டது.

மாதாந்திர மின்தடை நாளில் கோகிலா சங்கிலியை இழுத்துப் பழகினாள். தடியைச் சுவரில் சாய்த்து, இடக்கையால் கம்பியைப் பிடித்து, வலக்கையால் இழுத்தாள். வருடக்கணக்காகத் தடி ஊன்றிய கை. பார்க்க வந்திருந்த டேவிட், "என் பட்டறையில சேந்துடுங்க டீச்சரு" என்றார். ஷட்டர் நிதானமாக ஏறியது. அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு அந்த ஷட்டர்மேல் மதிப்பு வந்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஒரு இரும்புச் சாமான் இந்த மனுஷிக்கு எத்தனை தோள்களை மிச்சம் பண்ணப்போகிறது என்று.

ஆயுத பூஜை வந்தது. வண்டியைக் கழுவி நிறுத்தினோம். நான் இரண்டு வாழைக்கன்று வாங்கிவந்து கைடில் கட்டப் போனேன்.

"ஏங்க, அதுல பட்டை ஓடுது. கன்னைக் கட்டினீங்கன்னா நாளைக்குக் காலைல வாழ நாரெல்லாம் குழாய்ல சுத்திக்கினு இருக்கும்" என்றாள். ஜன்னல் கம்பியில் ஒன்று, மீட்டர் பெட்டிக் கம்பியில் ஒன்று கட்ட வைத்தாள். வெளியே சாம்பல் பூசணியில் குங்குமம் போட்டு உடைத்துவிட்டு, ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே வந்து பூஜையைத் தொடர்ந்தோம். சந்தனக் கிண்ணத்தோடு அம்மா சுற்றி வந்தாள். வண்டி, ஹெல்மெட், மிக்ஸி, கிரைண்டர், என் லேப் கண்ணாடிக் குழாய் ஒன்று, கோகிலாவின் சாக்பீஸ் டப்பா, மோட்டார், சுவிட்ச் பெட்டி. எல்லாவற்றுக்கும் சந்தனம், மேலே குங்குமம். மோட்டாருக்கு எட்டாமல் முக்காலி போட்டு ஏறினாள். இடுப்பு வலி அன்றைக்கு மட்டும் இருப்பதில்லை.

விஜயதசமி காலை. எனக்கு விடுமுறை. மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்களும், கரும்பு வெட்டுக்குக் கீழே வந்து தங்கியிருக்கிறவர்களும் பிள்ளைகளைச் சேர்க்க வருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். வீடு வீடாகப் போய் அவர்களிடம் பேசியவள் அவள்தான். நல்ல நேரத்துக்குள் பிள்ளை நெல்லில் எழுத்து எழுத வேண்டும். டீச்சரைக் காணோம் என்றால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்கள். மறுபடி அவர்களை வரவழைப்பது சுலபம் இல்லை.

நானும் அம்மாவும் முன்னறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து ஷட்டரின் வெளிப்புறம் தெரியும். கோகிலா ஷெட்டுக்குள் வண்டியில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தினாள். ஷட்டர் ஏறியது. வண்டி வெளியே வந்து சாக்கடை மூடியைத் தாண்டித் தெருவில் நின்றது. ஹெல்மெட் நெற்றியில் சந்தனப் பொட்டோடு, திரும்பாமலே கையை மட்டும் பின்னால் நீட்டி மறுபடி அழுத்தினாள். ஷட்டர் ஒரு சாண் இறங்கி நின்றது. பிறகு மேலே போய்விட்டது.

இன்னொரு முறை அழுத்தினாள். அதே கதை. ஷட்டருக்கு மேலே இருந்த சிவப்பு எச்சரிக்கை விளக்கு மினுக்கியது.

"இன்னாடா ஆச்சு? எறங்க மாட்டேங்குது?" என்று அம்மா என் தோளைத் தட்டினாள். நான் எழுந்தேன். கோகிலா ஜன்னல் பக்கம் உள்ளங்கையைக் காட்டினாள். உட்காருங்கள் என்று.

நான் உட்காரவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "கோகிலா, நாங்கதான் வூட்ல இருக்கோமே. தொறந்தே கெடக்கட்டும். நீ கெளம்பு, நேரமாகுது. தனியா வெளிய வந்துட்டியே, போனதாவே கணக்குல வெச்சுக்கலாம்."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கோபம் எல்லாம் இல்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"நீங்க இல்லன்னு வெச்சுக்குங்க."

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்தேன்.

அவள் அவசரப்படவில்லை. விளக்கைப் பார்த்தாள். "எறங்க ஆரம்பிச்சுட்டுத் திரும்புது. அப்போ மோட்டார் சரியா இருக்கு. குறுக்க எதோ நிக்குதுன்னு நெனச்சுக்கினு இருக்கு" என்று தனக்குத்தானே, ஆனால் எங்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். வகுப்பில் கணக்கு போட்டுக் காட்டுகிற குரல். வாசலைப் பார்த்தாள். பூனை இல்லை. பூசணித் துண்டுகள் தள்ளிக் கிடந்தன. வண்டியை ஓரமாக நிறுத்தி, தடியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். இடப்பக்கக் கைடு அருகே போய் நின்று, கீழே பார்த்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, இதுக்குப் பொட்டு வெச்சது யாரு?"

அம்மா ஜன்னலுக்கு முகத்தைக் கொண்டுபோனாள். "நான்தான் வெச்சேன். எல்லாத்துக்கும் வெச்சுட்டு அதுக்கு மட்டும் வெக்கலன்னா எப்டி? அதானே பூசணிக்காயக் காப்பாத்தினது?"

"கண்ணாடி மேல அப்பி வெச்சிருக்கீங்க. அதுக்கு ஒண்ணும் தெரியல."

பூஜையின்போது ஷட்டர் ஏற்கெனவே இறங்கியிருந்தது. பொட்டு விழுந்தது அதற்குப் பிறகு. காலையில் ஏறுவதற்குச் சென்சார் தேவையில்லை, அதனால் ஏறிவிட்டது. இறங்கத்தான் அதன் சம்மதம் வேண்டும். எனக்கு இது புரிய அன்று மாலை ஆனது. அவளுக்கு அந்த நிமிடமே புரிந்திருந்தது.

"இருடி, நான் வந்து தொடச்சிடறேன்" என்று அம்மா எழுந்தாள்.

"வேணாம் அத்தை. ஒக்காருங்க."

சென்சார் இருப்பது கணுக்கால் உயரத்தில். அவள் குனிய முடியாத இடம். வண்டிப் பெட்டியைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். கைக்குட்டையைத் தடி நுனியில் சுற்றி, டிபன் பையில் போட்டிருந்த ரப்பர் பேண்டைக் கழற்றி இறுக்கினாள். நின்றபடியே மேலேயிருந்து தண்ணீரைச் சிறுகச் சிறுக விட்டாள். காய்ந்து ஓடாகிவிட்ட சந்தனம், ஊறக் கொஞ்சம் நேரம் எடுத்தது. அவள் காத்திருந்தாள். குங்குமம் கரைந்து தரையில் ஓடியது. பிறகு கரும்பலகை துடைக்கிற மாதிரி தடி நுனியால் மேலும் கீழும் துடைத்தாள். கண்ணாடி கருப்பாக மின்னியது.

ரிமோட்டை அழுத்தினாள். ஷட்டர் ஒரு சாண் இறங்கி, மறுபடி மேலே போனது.

அம்மா என் பக்கம் பார்த்தாள், பிறகு ஜன்னல் பக்கம் பார்த்தாள். மெல்லிய குரலில் சொன்னாள்: "அந்தப் பக்கமும் வெச்சேன்."

"அத்தை, ஒத்தையா நீங்க எதுவுமே செய்ய மாட்டீங்களா?"

"ஒத்தப் பொட்டு ஆகாதுடி."

கோகிலா வாசலைக் குறுக்காகக் கடந்து வலப்பக்கம் போனாள். பாட்டிலில் தண்ணீர் தீர்ந்திருந்தது. எனக்குக் கை பரபரத்தது. ஒரு சொம்பு தண்ணீரை ஜன்னல் வழியாக நீட்டினால் போதும். நீட்டவில்லை. அவள் வண்டிக்குத் திரும்பி நடந்து, சாப்பாட்டுப் பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தாள், மிச்சத்தைச் சென்சார்மேல் ஊற்றினாள். ஊறவிட்டாள். துடைத்தாள். கைக்குட்டையை அவிழ்த்து, ஈரமில்லாத பக்கத்தை வெளியே வைத்துச் சுற்றி, மோர்க் கறை இல்லாமல் இன்னொரு முறை துடைத்தாள். அந்த இரண்டாவது துடைப்பை நான் இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். நேரம் போய்க்கொண்டிருந்தது, பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அரைகுறையாக விடவில்லை.

வண்டியில் ஏறினாள். ஹெல்மெட் மாட்டினாள். அழுத்தினாள்.

ஷட்டர் இறங்கியது. ஒரு சாண், பாதி, முக்கால். அடிப்பட்டை தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டது. கோகிலா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டி தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது.

அம்மா அப்புறமும் ஜன்னலை விட்டு நகரவில்லை. "மோரையில்ல ஊத்திட்டா. மத்தியானம் வெறுஞ்சோறா துன்னுவா?" என்றாள். பிறகு, "ஊறவெச்சு தொடைக்கணும்னு தெரிஞ்சிருக்கு பாரு. தேச்சிருந்தா கண்ணாடி கீறிப் போயிருக்கும்" என்றாள். மருமகளை அவள் அப்படிப் பாராட்டி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

பள்ளியில் நடந்ததைக் கோகிலா பிறகு சொன்னாள். அவள் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடியவில்லை. சத்துணவு அம்மா தாம்பாளத்தில் நெல்லைப் பரப்பி எல்லோரையும் உட்கார வைத்திருந்தாள். ஒரு மலைக்காரர் மட்டும் பஸ்ஸுக்கு எழுந்துவிட்டார், வண்டிச் சத்தம் கேட்டு மறுபடி உட்கார்ந்தார். அவர் மகள் தாம்பாளத்தை விட்டு எழவே மாட்டேன் என்று, எழுதிய எழுத்தையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தாளாம்.

ஆனால் அன்று மாலை இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. போய்விட்டாள், சரி. தனியாகத் திரும்பி வர வேண்டும் என்பதும் பேச்சில் இருந்தது. அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் பேப்பரை மடியில் வைத்திருந்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. பொழுது சாய்ந்ததும் முதலில் விளக்குப் போடுகிறவள் அம்மா, அன்றைக்கு அதை மறந்து உட்கார்ந்திருந்தாள்.

வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டது. வாசலுக்கு வந்தது, நின்றது. அம்மாவின் கை பூண்டோடு நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமி, பட்டைகள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகிற ஓசை வந்தது. வண்டி உள்ளே வந்தது. இன்ஜின் அடங்கியது. பட்டைகள் இறங்கின. இறங்கிக்கொண்டே இருந்தன. தரையில் உட்கார்ந்தன.

நாங்கள் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

தடி ஊன்றுகிற சத்தம் ஷெட்டிலிருந்து கூடத்துக்கு வந்தது. கோகிலா நிலைப்படியில் நின்று எங்களைப் பார்த்தாள்.

"இன்னா ரெண்டு பேரும் இருட்டுல ஒக்காந்துக்கினு இருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே சுவிட்சைப் போட்டாள்.